செட்வேலிடேட்டிங் ட்ரூ போட்டும் தப்பான எக்ஸ்எம்எல் ஏன் உள்ளே வருகிறது?

பேரணாம்பட்டுத் தம்பி கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலை. அதற்கு அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகள் பேரணாம்பட்டு, குடியாத்தம், வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று பல ஊர்களில் இருக்கின்றன. அன்றன்றைக்கு முடித்த லாட் விவரத்தை ஒவ்வொரு யூனிட்டும் மாலையில் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பாக அனுப்புகிறது. தம்பி எழுதிய ஜாவா நிரல் அதை டிடிடியோடு (கோப்பில் எந்தப் பகுதி எந்த வரிசையில் வர வேண்டும் என்று சொல்லும் விதிக் கோப்பு) ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும். எலிமென்ட் என்னும் அந்தப் பகுதிகளின் பெயர்களைத் தமிழிலேயே வைத்திருக்கிறார்.

அவருக்கு நான்கு சிக்கல். ஒப்பீட்டை ஆன் செய்ய செட்வேலிடேட்டிங் ட்ரூ என்று கொடுத்தும், அளவு விடுபட்ட கோப்பு தடையில்லாமல் ஏறிவிடுகிறது. சில யூனிட்டுகளின் கோப்பில், எந்த டிடிடி என்று காட்டும் டாக்டைப் வரியே இல்லை. நெட் இல்லாத நேரத்தில் நிரல் அப்படியே நின்றுபோகிறது. கடைசியாக, ‘ஜோடி’ என்ற எலிமென்ட் டிடிடியில் கண்ணெதிரே இருக்கும்போதே, அது அறிவிக்கப்படவில்லை என்று பிழை வருகிறது.

நான்கும் தனித்தனிச் சிக்கல்போலத் தெரிந்தாலும், முதல் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். எந்த டிடிடியை வைத்துச் சோதிப்பது, தப்பு கண்டால் என்ன செய்வது என்ற இரண்டு முடிவையும் உங்கள் நிரல் எடுக்க வேண்டும். இப்போது முதல் முடிவை வந்த கோப்பும், இரண்டாவதைப் பார்சரும் (கோப்பைப் படித்துப் பிரிக்கும் மென்பொருள்) எடுத்துக்கொண்டிருக்கின்றன. (வகுப்பு, மெதட் பெயர்களை ஒலிப்படியே தமிழில் எழுதுகிறேன். ஐடிஇ-யில் முதல் சில எழுத்தைத் தட்டினாலே முழுப் பெயரும் வந்துவிடும்.)

ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு வெல்ஃபார்ம்டாக இருப்பது வேறு, வேலிடாக இருப்பது வேறு. திறந்த டேக் மூடப்பட்டிருக்கிறதா, ஒன்றுக்குள் ஒன்று ஒழுங்காக அடங்கியிருக்கிறதா, அட்ரிபியூட்டுக்கு (டேக்குக்குள் எழுதும் கூடுதல் விவரம்) மேற்கோள் குறி இருக்கிறதா என்பதெல்லாம் முதல் வகை. இதில் பிசகினால் எந்தப் பார்சரும் அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். டிடிடி சொன்ன அமைப்பில் இருக்கிறதா என்பது இரண்டாம் வகை. 1998 பிப்ரவரியில் இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சி வெளியிட்ட எக்ஸ்எம்எல் 1.0 தரநிலையிலேயே இந்தப் பிரிவு இருக்கிறது. வெல்ஃபார்ம்ட் பிழை வந்தால் அது ‘ஃபேட்டல் எரர்’. பார்சர் வழக்கமான வேலையைத் தொடரக் கூடாது. வேலிடிட்டிப் பிழை வெறும் ‘எரர்’. அதைப் பயன்படுத்துபவரின் விருப்பப்படி சொல்லிவிட்டு, பார்சர் மேலே போகலாம். உங்கள் முதல் சிக்கலுக்கு விடை இந்த ஒரு விதியில் இருக்கிறது.

ஜாவாவில் டாக்குமெண்ட்பில்டர்ஃபேக்டரியில் செட்வேலிடேட்டிங் ட்ரூ கொடுத்தால் சோதனை நடக்கத்தான் செய்கிறது. பிழை கண்டால் எரர்ஹேண்ட்லர் என்ற இன்டர்ஃபேஸிடம் பார்சர் சொல்கிறது. அதில் மூன்று மெதட்: வார்னிங், எரர், ஃபேட்டல்எரர். நீங்கள் எரர்ஹேண்ட்லரே வைக்கவில்லை. அப்படி விட்டால் ஜாவா தன்னிடம் இருக்கும் ஒன்றைப் போட்டுக்கொண்டு, முதல் 10 பிழைகளைக் கன்சோலில் அச்சிட்டுவிட்டு, பார்ஸ் மெதடை வெற்றியோடு முடித்து டாக்குமெண்ட் பொருளைக் கையில் கொடுத்துவிடும். எக்ஸெப்ஷன் வராது. மாநில எல்லைச் சாவடியில் ஒருவர் வண்டி எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டே தடுப்பைத் தூக்கிவிடுவதற்கு ஒப்பானது இது. உங்கள் நிரல் சர்வரில் பின்னணியில் ஓடுவதால் கன்சோலை யாரும் பார்ப்பதில்லை. லாக் கோப்பைத் திறந்து பாருங்கள். ‘வேலிடேஷன் ஆன் செய்யப்பட்டிருக்கிறது, ஆனால் எரர்ஹேண்ட்லர் வைக்கப்படவில்லை’ என்ற பொருளில் ஒரு வரி அதில் கிடக்கும்.

இதற்கு மருந்தாகப் பலர் டிஃபால்ட்ஹேண்ட்லர் வகுப்பின் ஒரு பொருளை அப்படியே வைத்துவிடுகிறார்கள். அது இன்னும் மோசம். அந்த வகுப்பில் ஃபேட்டல்எரர் மட்டும்தான் எக்ஸெப்ஷனை எறியும். எரர் மெதட் காலியானது, எதுவும் செய்யாது. கன்சோலில் வந்துகொண்டிருந்த வரிகளும் அதோடு நின்றுபோகும். ஆகவே எரர் மெதடை நீங்களே எழுத வேண்டும்.

எப்படி எழுதுவது? கையில் வரும் சாக்ஸ்பார்ஸ்எக்ஸெப்ஷனை உடனே திருப்பி எறிவது சுலபமான வழி. முதல் பிழையிலேயே வேலை நின்றுவிடும். ஆனால் உங்கள் இடத்துக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். யூனிட்டில் கோப்பைத் தயாரிப்பவர் மாலை ஆறு மணிக்கு வேலையை முடித்து வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பார். ஒரு பிழையைத் திருத்தி அனுப்பினால் அடுத்தது, அதைத் திருத்தினால் இன்னொன்று என்று அவரை அலைக்கழிக்கக் கூடாது. எரர் மெதடில் ஒவ்வொரு பிழையையும் ஒரு பட்டியலில் சேருங்கள். கெட்லைன்நம்பர் தரும் வரி எண்ணையும் கூடவே வையுங்கள். ஃபேட்டல்எரரில் மட்டும் எறியுங்கள். பார்ஸ் முடிந்த பிறகு பட்டியல் காலியாக இல்லையென்றால் கோப்பை நிராகரித்து, முழுப் பட்டியலையும் அனுப்பியவருக்குக் கொடுங்கள்.

பார்சர் தரும் ஆங்கிலச் செய்தியை அப்படியே அனுப்புவதும் எனக்குச் சம்மதமில்லை. ‘இன்ன எலிமென்டின் உள்ளடக்கம் இன்ன அமைப்போடு பொருந்த வேண்டும்’ என்பதைப் படித்து, தையல் யூனிட்டின் சூப்பர்வைசர் என்ன செய்வார்? ‘37-ஆம் வரி: இந்த லாட்டில் அளவு குறிப்பிடப்படவில்லை’ என்று தமிழில் ஒரு வரி போதும். அடிக்கடி வரும் பிழை நான்கைந்து வகைதான். அவற்றுக்கு மட்டும் எழுதி வைத்தாலே தொலைபேசி அழைப்பு பாதியாகக் குறையும். ஒன்று கவனம்: ஒரு பெயர் தப்பினால் அதைத் தொடர்ந்து ஐந்தாறு பிழைகள் வரிசையாக வரும். பட்டியலில் முதலில் இருப்பதைத் திருத்தினாலே மற்றவை பெரும்பாலும் மறைந்துவிடும். அதையும் செய்தியில் சொல்லிவிடுங்கள்.

செட்வேலிடேட்டிங்கை அழைக்கும் வரி, நியூடாக்குமெண்ட்பில்டர் வரிக்கு மேலே இருக்க வேண்டும். பில்டர் உருவான பிறகு ஃபேக்டரியில் எதை மாற்றினாலும் அந்தப் பில்டருக்குத் தெரியாது. ஸ்கீமாஃபேக்டரி வழியாக டிடிடியைக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். டிடிடிக்கென்று ஒரு மாறிலி ஜாவா லைப்ரரியில் இருப்பது உண்மைதான். ஆனால் ஜேடிகே-யோடு (ஜாவாவின் நிரலாக்கத் தொகுப்பு) வரும் ஸ்கீமாஃபேக்டரி அதை ஏற்றுக்கொள்ளாமல் எக்ஸெப்ஷன் எறியும். அந்த வழி, மதிப்புகளின் வகையையும் சோதிக்கும் இன்னொரு விதிமொழியான எக்ஸ்எஸ்டிக்கு மட்டும்.

அடுத்தது நெட் சிக்கல். இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தே தீரும் என்பதால் இதை முதலில் எடுக்கிறேன். உங்கள் கோப்புகளில் டாக்டைப் வரி, தொழிற்சாலை சர்வரில் இருக்கும் டிடிடியின் இணைய முகவரியைக் காட்டுகிறது. ஒவ்வொரு கோப்பைப் படிக்கும்போதும் பார்சர் அந்த முகவரிக்குப் போய் டிடிடியை இறக்குகிறது. நெட் இல்லையென்றால் காத்துக்கொண்டு நிற்கிறது. வேலிடேஷனை அணைத்துவிட்டால் போகாது என்று நினைக்க வேண்டாம். ஜேடிகே-யில் இருக்கும் பார்சர், வேலிடேஷன் இல்லாதபோதும் வெளி டிடிடியைப் படிக்கும். என்டிட்டிகளும் (வேறு உரைக்கோ கோப்புக்கோ வைக்கும் சுருக்கப் பெயர்கள்) அட்ரிபியூட்டுகளின் இயல்பு மதிப்புகளும் அதில்தான் இருக்கின்றன என்பது காரணம்.

உலகம் முழுக்க நிரல்கள் இப்படிச் செய்ததன் விளைவை டபிள்யூ3சி 2008-இல் வெளிப்படையாகவே எழுதியது. தன் தளத்தில் இருக்கும் டிடிடி கோப்புகளைக் கேட்டு ஒரு நாளைக்கு 13 கோடி கோரிக்கைகள் வரை வருவதாகச் சொன்னது. மாறவே மாறாத ஒரு கோப்பைத் திரும்பத் திரும்ப இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு வழி என்டிட்டிரிசால்வர். அதில் ரிசால்வ்என்டிட்டி என்ற ஒரே மெதட். வெளியிலிருந்து எதையாவது கொண்டுவர வேண்டும் என்றால் பார்சர் முதலில் அதைத்தான் கேட்கும். டிடிடியை உங்கள் ஜார் கோப்புக்குள்ளேயே வைத்துவிட்டு, அந்த ஸ்ட்ரீமை ஓர் இன்புட்சோர்ஸாகத் திருப்பிக் கொடுங்கள். அந்த இன்புட்சோர்ஸுக்கு சிஸ்டம் ஐடியையும் (டிடிடியின் முகவரி) அமைத்துவிடுங்கள். டிடிடி வேறு சில துண்டுக் கோப்புகளைச் சார்புப் பாதையில் அழைத்தால், அது இல்லாமல் பார்சருக்கு வழி தெரியாது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ரிசால்வ்என்டிட்டி நல் திருப்பினால், ‘எனக்குத் தெரியாது, நீயே போய் எடுத்துக்கொள்’ என்று அர்த்தம். பார்சர் உடனே இணையத்துக்குப் போய்விடும். ஆகவே தெரிந்த முகவரி என்றால் உள்ளூர்ப் பிரதி, தெரியாத முகவரி என்றால் எக்ஸெப்ஷன். நல் என்ற பாதையே உங்கள் நிரலில் இருக்கக் கூடாது.

நெட் போவது மட்டும்தான் இதில் கவலை என்றால் விட்டுவிடலாம். பாதுகாப்பு அதைவிடப் பெரிய விஷயம். டாக்டைப் பகுதிக்குள் அனுப்புகிறவர் தானே என்டிட்டி அறிவிக்கலாம். உங்கள் சர்வரில் இருக்கும் ஒரு கோப்பின் பாதையைக் காட்டி ஒரு வெளி என்டிட்டி அறிவித்து, அதைக் குறிப்பு எலிமென்டுக்குள் பயன்படுத்தினால், அந்தக் கோப்பின் உள்ளடக்கமே குறிப்பாக உங்கள் டேட்டாபேஸில் வந்து உட்காரும். இதற்கு எக்ஸ்எக்ஸ்இ என்று பெயர். ஓவாஸ்ப் என்ற மென்பொருள் பாதுகாப்பு அமைப்பு 2017-இல் வெளியிட்ட முதல் பத்து ஆபத்துகளின் பட்டியலில் இது நான்காவது இடத்தில் இருந்தது. இன்னொரு தாக்குதல், ஒரு என்டிட்டிக்குள் முந்தைய என்டிட்டியைப் பத்து முறை, அதற்குள் அதற்கு முந்தையதைப் பத்து முறை என்று ஒன்பது அடுக்கு எழுதுவது. கோப்பு ஒரு கேபி-கூட இருக்காது. விரித்தால் 100 கோடி துண்டுகளாகி நினைவகத்தை விழுங்கிவிடும். ஜேடிகே-யில் இதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஜாவா 8, 11, 17 பதிப்புகளில் இயல்பாக 64,000 விரிப்புகள். அதைத் தளர்த்தாதீர்கள்.

இவற்றைத் தடுக்க எல்லோரும் சொல்லும் அறிவுரை, டிஸ்அலவ்-டாக்டைப்-டெக்ல் என்ற ஃபீச்சரை ஆன் செய்வது. டாக்டைப் வரியைக் கண்ட மாத்திரத்தில் பார்சர் நிறுத்திவிடும். நல்ல அறிவுரைதான். ஆனால் டிடிடி வைத்துச் சோதிப்பவர்கள் இதைப் படித்ததும் குழம்பிப் போகிறார்கள். டாக்டைப்பையே தடுத்துவிட்டால் டிடிடியை எங்கே தேடுவது?

உங்கள் இரண்டாவது சிக்கலை இங்கே திருப்பிப் போட்டுப் பாருங்கள். சில யூனிட்டுகள் டாக்டைப் இல்லாமல் அனுப்புகின்றன என்று வருத்தப்படுகிறீர்கள். என் கருத்தில் எல்லா யூனிட்டும் அப்படித்தான் அனுப்ப வேண்டும். எந்த விதிப்படி என்னைச் சோதிக்க வேண்டும் என்று சோதிக்கப்படும் கோப்பே சொல்வது முறையில்லை. வேறொரு டிடிடியைக் காட்டி, அதன்படி முழுக்க வேலிடாக ஒரு கோப்பு வந்தால், உங்கள் நிரல் அதற்கு ‘சரி’ என்றுதான் சொல்லும்.

சரியான டிடிடியைக் காட்டினாலும் ஆபத்து தீரவில்லை. டாக்டைப்பின் சதுர அடைப்புக்குள் எழுதும் உட்பகுதியைத்தான் பார்சர் முதலில் படிக்கிறது. ஒரு என்டிட்டியோ அட்ரிபியூட்டோ இரண்டு முறை அறிவிக்கப்பட்டால் முதல் அறிவிப்புதான் செல்லும். ஆகவே நீங்கள் கட்டாயம் என்று வைத்த ஓர் அட்ரிபியூட்டை, அனுப்புகிறவர் தன் கோப்புக்குள்ளேயே விருப்பத்துக்குரியதாக மாற்றிவிட முடியும். பெரிய டிடிடிகளைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள உதவும் நல்ல வசதி இது. வெளியிலிருந்து வரும் கோப்பைச் சோதிக்கும் இடத்தில் மட்டும் இது ஓட்டை.

அதனால் நான் இரண்டு நடையாகச் செய்யச் சொல்வேன். முதல் நடையில் வேலிடேஷன் இல்லாமல், டாக்டைப் தடையோடு படியுங்கள். வெல்ஃபார்ம்டா, டாக்டைப் இல்லையா என்று தெரிந்துவிடும். இரண்டாவது நடையில் உங்கள் டிடிடியை நீங்களே நுழைத்து வேலிடேட் செய்யுங்கள். இதற்கு சாக்ஸ் பார்சரும் (கோப்பைப் படித்துக்கொண்டே கண்டதை ஒவ்வொன்றாகச் சொல்வது) என்டிட்டிரிசால்வர்2 இன்டர்ஃபேஸும் வேண்டும். அதில் கெட்எக்ஸ்டர்னல்சப்செட் என்று ஒரு மெதட் உண்டு. டாக்டைப் இல்லாத கோப்பு வந்தால், மூல எலிமென்டின் பெயரைக் கையில் கொடுத்து, ‘இதற்கு டிடிடி ஏதாவது வைத்திருக்கிறாயா?’ என்று பார்சர் அதன் மூலம் கேட்கும். உங்கள் பிரதியைக் கொடுத்தால், கோப்பில் டாக்டைப் இருந்ததுபோலவே சோதனை நடக்கும். டிஃபால்ட்ஹேண்ட்லர்2 வகுப்பை எக்ஸ்டெண்ட் செய்தால் இதுவும் எரர் மெதடும் ஒரே இடத்தில் அமைந்துவிடும். மூல எலிமென்ட் நீங்கள் எதிர்பார்த்ததுதானா என்றும் அங்கேயே பார்த்துவிடுங்கள். ‘லாட்பட்டியல்’ வர வேண்டிய இடத்தில் வெறும் ‘லாட்’ வந்தால், டிடிடியில் அதுவும் அறிவிக்கப்பட்ட பெயர் என்பதால் சோதனையில் தேறிவிடும். மூலம் இன்னது என்று டிடிடிக்குள் சொல்ல வழியே இல்லை.

இந்த மெதட் இல்லாமல், செட்வேலிடேட்டிங்கை மட்டும் போட்டு டாக்டைப் இல்லாத கோப்பைக் கொடுத்தால், ‘கிராமர் எதுவும் கிடைக்கவில்லை, ஆவணம் வேலிட் இல்லை’ என்ற பொருளில் எரர் வரும். இதுவும் எரர் மெதடுக்குத்தான் போகும். அது காலியாக இருந்தால் அந்தக் கோப்பும் சத்தமில்லாமல் ஏறிவிடும்.

யூனிட்டுகளின் கோப்பைத் தயாரிக்கும் மென்பொருள் உங்கள் கையில் இருப்பதால் டாக்டைப்பை எடுத்துவிடச் சொல்கிறேன். வெளிநாட்டு வாங்குநர் அனுப்பும் ஆர்டரில் அப்படிச் சொல்ல முடியாது. கொள்முதல் ஆர்டர்களுக்குப் பரவலாகப் பயன்படும் சிஎக்ஸ்எம்எல், டிடிடி அடிப்படையிலானது. டாக்டைப் வரியோடுதான் வரும். அங்கே அனுமதித்த முகவரிகளின் பட்டியலை ரிசால்வரில் வையுங்கள். உட்பகுதியில் ஏதாவது அறிவித்திருந்தால் நிராகரியுங்கள். லெக்ஸிகல்ஹேண்ட்லர், டெக்ல்ஹேண்ட்லர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இது தெரியும். ஸ்டார்ட்டிடிடி வந்த பிறகு, வெளி டிடிடி தொடங்குவதைக் குறிக்கும் ஸ்டார்ட்என்டிட்டி வருவதற்குள் ஏதேனும் அறிவிப்பு வந்தால், அது கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டது.

இனி ‘ஜோடி’. நான்கில் எனக்கு அதிகம் அக்கறை உள்ளது இதில்தான். தமிழில் எலிமென்ட் பெயர் வைப்பவர்கள் எல்லோரும் ஒரு நாள் இங்கே வந்து முட்டுவார்கள். பிறகு ‘தமிழில் வைத்ததுதான் தப்பு’ என்று முடிவுகட்டி ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். தமிழில் வைத்ததில் எந்தத் தப்பும் இல்லை. எக்ஸ்எம்எல் பெயர்களில் தமிழ் எழுத்துகளை முதல் பதிப்பிலிருந்தே அனுமதித்திருக்கிறது.

‘ஜோ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ‘ஜ’வுக்குப் பின் ஓகாரக் குறி என்ற ஒரே குறியீடு, அல்லது ‘ஜ’வுக்குப் பின் இரட்டைக்கொம்பு, அதன்பின் துணைக்கால் என்று இரண்டு குறியீடுகள். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். இரண்டும் சமம் என்றுதான் யூனிகோடும் சொல்கிறது. ஆனால் எக்ஸ்எம்எல் 1.0 பார்சர் அந்தச் சமன்பாட்டைப் பார்ப்பதில்லை. குறியீட்டுக்குக் குறியீடு ஒப்பிடுகிறது. உங்கள் டிடிடியில் ஒற்றைக் குறியீடும் அந்த யூனிட்டின் கோப்பில் இரட்டைக் குறியீடும் இருந்தால், பார்சருக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். ‘அறிவிக்கப்படவில்லை’ என்று அது சொல்வது அதன் கணக்கில் முழு உண்மை. பழைய விசைப்பலகை மென்பொருள்களும், சில எழுத்துரு மாற்றிகளும் இந்த இரட்டை வடிவத்தைத் தருவதுண்டு. ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஏறிய எழுத்துகள் எல்லாவற்றிலும் இது வரலாம்.

மருந்து, பார்சரிடம் கொடுப்பதற்கு முன் கோப்பை, பிரிந்த குறிகளை ஒற்றைக் குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்குக் கொண்டுவருவது. ஜாவாவிலேயே நார்மலைசர் வகுப்பு இருக்கிறது. கோப்பை யூடிஎஃப்-8 எழுத்தாகப் படித்து, தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பாம் குறி இருந்தால் நீக்கி, நார்மலைஸ் செய்து, அதை ஸ்ட்ரிங்ரீடர் வழியாகப் பார்சருக்குக் கொடுங்கள். இரண்டு நடைக்கும் அந்த மாற்றிய எழுத்தையே பயன்படுத்துங்கள். வரி எண்கள் மாறாது, அதனால் பிழைச் செய்திகள் சரியாகவே இருக்கும். டிடிடியையும் ஒருமுறை இப்படி மாற்றிச் சேமித்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பயனில்லை.

என்எஃப்சியால் தீராதவையும் உண்டு. ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ‘ள’ எழுத்தும் அடித்திருந்தால், அது தோற்றத்தில் மட்டும் ஒன்று, யூனிகோடில் வேறு சொல். கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கிக் குறி நடுவில் புகுந்திருந்தாலும் நார்மலைசர் அதைத் தொடாது. எலிமென்ட் பெயர்களில் ஔகாரம் வராமல் பார்த்துக்கொள்வது நல்லது. ‘ஶ’ எழுத்தும் தமிழ்ச் சுழியமும் (௦) பெயரில் வேண்டாம். அவை யூனிகோடில் பிற்பாடு சேர்ந்தவை. 2008-இல் வந்த எக்ஸ்எம்எல் 1.0 ஐந்தாம் பதிப்புதான் அவற்றைப் பெயர்களில் அனுமதித்தது. பழைய பதிப்பின் விதியைப் பின்பற்றும் பார்சர் அவற்றை ஏற்காது.

நீங்கள் அனுப்பிய டிடிடியையும் படித்துப் பார்த்தேன். லாட்டுக்கு (ஆர்டிகிள், அளவு+, ஜோடி, குறிப்பு?) என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டல் குறி ‘ஒன்றோ பலவோ’, கேள்விக்குறி ‘இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி’. ஒரு லாட்டில் பல அளவுகளும் ஒரே ஒரு மொத்த ஜோடியும் என்று இதற்கு அர்த்தம். 40-ஆம் அளவில் எத்தனை, 41-இல் எத்தனை என்று வேண்டுமானால் (ஆர்டிகிள், (அளவு, ஜோடி)+, குறிப்பு?) என்று இருக்க வேண்டும். இதைத் தொழிற்சாலையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இன்னோர் இடத்தில் ((ஆர்டிகிள், அளவு) | (ஆர்டிகிள், ரகம்)) என்று இருக்கிறது. ஆர்டிகிளைப் பார்த்ததும் எந்தக் கிளையில் போவது என்று பார்சரால் முடிவு செய்ய முடியாது. இப்படி எழுதுவது தரநிலைப்படி தவறு. சில பார்சர் கண்டுகொள்ளாமல் விடும், லிப்எக்ஸ்எம்எல்2 என்ற பார்சர் சொல்லிவிடும். (ஆர்டிகிள், (அளவு | ரகம்)) என்று மாற்றினால் பொருள் அதேதான், குழப்பம் இல்லை.

லாட் எண்ணை ஐடி வகை அட்ரிபியூட்டாக வைத்து, மதிப்பு 2417 என்று கொடுத்திருக்கிறீர்கள். ஐடி மதிப்பு எண்ணில் தொடங்கக் கூடாது. எரர் மெதடை எழுதியதும் எல்லாக் கோப்பும் இதில் விழும். ‘லாட்-2417’ என்று மாற்றுங்கள். ஐடி ஒரு கோப்புக்குள் மட்டும்தான் திரும்ப வராமல் காக்கும். நேற்று வந்த லாட் இன்றும் வருகிறதா என்பதை டேட்டாபேஸில்தான் பார்க்க வேண்டும்.

யூனிட்டின் தாலுகாவைப் பட்டியல் அட்ரிபியூட்டாக வைத்தது நல்ல யோசனை. பேர்ணாம்பட்டு, பேரணாம்பட்டு என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவதை அது ஒரே அடியில் நிறுத்திவிடும். ஆனால் பட்டியல் மதிப்புகளுக்குள் இடைவெளி வரக் கூடாது. ‘கே.வி.குப்பம்’ என்று சேர்த்து எழுதினால் புள்ளிகளோடு ஏற்கும், நடுவில் இடைவெளி விட்டால் டிடிடியே பிழையாகிவிடும்.

மாவட்டத்தையும் தாலுகாவையும் சேர்த்துச் சோதிக்க முடியுமா என்று கேட்டீர்கள். டிடிடியில் முடியாது. மாவட்டம் வேலூர் என்றால் தாலுகா வேலூர், காட்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம், கே.வி.குப்பம், பேரணாம்பட்டு இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது இரண்டு மதிப்புகளுக்கு இடையிலான உறவு. ஒவ்வொரு அட்ரிபியூட்டையும் தனித்தனியாகத்தான் டிடிடி பார்க்கும். உங்களிடம் 2019-க்கு முந்தைய பழைய பதிவுகளும் இருக்கின்றன. அப்போது ஆம்பூரும் வாணியம்பாடியும் வேலூர் மாவட்டம். பிரித்த பிறகு திருப்பத்தூர் மாவட்டம். மேல்விஷாரம் ராணிப்பேட்டைக்குப் போய்விட்டது. பழைய பதிவில் ‘வேலூர், ஆம்பூர்’ என்று இருப்பது அந்தத் தேதிக்குச் சரியானதே. அதைத் தேதியோடு சேர்த்து நிரலில்தான் சோதிக்க முடியும்.

ஜோடி எண்ணிக்கையும் அப்படித்தான். உள்ளே எழுத்து இருக்கலாம் என்பதற்கு மேல் டிடிடிக்கு எதுவும் சொல்லத் தெரியாது. ‘240’ என்றாலும் ‘இருநூற்று நாற்பது’ என்றாலும் காலியாக விட்டாலும் அது சரி என்றே சொல்லும். பாமினி எழுத்துருவில் அடித்த குறிப்பு, ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தாலும் தேறிவிடும். எண்ணைச் சோதிக்க எக்ஸ்எஸ்டி வேண்டும், அல்லது பார்ஸ் முடிந்தபின் நிரலில் நாலு வரி. இந்த அளவு கோப்புக்கு நான் டிடிடியும் நாலு வரியும் என்றே சொல்வேன். அமைப்பை ஒரு பக்கத்தில் யாரும் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுத டிடிடியைவிட எளிதான ஒன்று இல்லை. நேம்ஸ்பேஸ் (பெயர்கள் மோதாமலிருக்க முன்னொட்டு வைக்கும் முறை) கலந்த கோப்புகள் வரத் தொடங்கினால் அப்போது எக்ஸ்எஸ்டிக்கு மாறுங்கள். டிடிடிக்கு நேம்ஸ்பேஸ் தெரியாது, முன்னொட்டையும் பெயரின் ஒரு பகுதியாகவே பார்க்கும்.

உங்கள் நண்பர் இதையே பைத்தானில் செய்யப் போவதாகச் சொன்னீர்கள். பைத்தானோடு வரும் எலிமென்ட்ட்ரீ வேலிடேட் செய்யாது. எல்எக்ஸ்எம்எல் வேண்டும். அதில் டிடிடி என்ற வகுப்பில் உங்கள் கோப்பை ஏற்றி, வேலிடேட் மெதடுக்கு மரத்தைக் கொடுத்தால் ட்ரூ அல்லது ஃபால்ஸ் வரும். பிழைகள் எரர்_லாகில் இருக்கும். டாக்டைப் தேவையே இல்லை. இந்த வகையில் அது ஜாவாவைவிடச் சுகம். ஆனால் ஃபால்ஸ் வந்தால் எக்ஸெப்ஷன் வராது, அதை இஃப் போட்டுப் பார்ப்பது அவர் பொறுப்பு. டாட்நெட்டில் டிடிடி செயலாக்கம் இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கும். டிடிடிப்ராசஸிங்கை பார்ஸ் என்றும், வேலிடேஷன்டைப்பை டிடிடி என்றும் வைக்க வேண்டும். வேலிடேஷன்ஈவென்ட்ஹேண்ட்லர் வைக்காவிட்டால் அங்கே எக்ஸெப்ஷன் வரும். காலியாக ஒன்றை வைத்தால் வராது. ஜாவாவிலிருந்து போகிறவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

நிரலை மாற்றியதும் சோதிக்க ஒரு ஃபோல்டரில் கெட்ட கோப்புகளாகச் சேர்த்து வையுங்கள். அளவு இல்லாதது, வரிசை மாறியது, தெரியாத அட்ரிபியூட் உள்ளது, எண்ணில் தொடங்கும் ஐடி, டாக்டைப் உள்ளது, மூலம் மாறியது, ‘ஜோ’வை இரட்டைக் குறியீட்டில் எழுதியது. கடைசியானது மட்டும் ஏற வேண்டும், மற்ற எல்லாம் விழ வேண்டும். ஒவ்வொரு முறை பில்ட் செய்யும்போதும் இது தானாக ஓடட்டும். நல்ல கோப்புகளை மட்டும் கொடுத்துச் சோதித்தால், வேலிடேஷன் அணைந்து கிடந்தாலும் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். கையால் ஒரு கோப்பைப் பார்க்க எக்ஸ்எம்எல்லிண்ட் என்ற கட்டளை போதும். நோஅவுட், டிடிடிவாலிட் என்ற இரண்டு ஆப்ஷனோடு டிடிடியின் பாதையைக் கொடுத்தால், டாக்டைப் இல்லாத கோப்பையும் சோதித்து வரி எண்ணோடு சொல்லிவிடும். ஜாவாவும் அதுவும் ஒரே கோப்பில் மாறுபட்டால், முதலில் டிடிடியில் அந்த இரட்டைக் கிளைபோல ஏதாவது மீதம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறமும் புரியாவிட்டால், விழுந்த கோப்பையும் டிடிடியையும் ஜிப் செய்தே அனுப்புங்கள். செய்திக்குள் ஒட்டினால் வழியில் எழுத்து வடிவம் மாறிவிட வாய்ப்புண்டு.